சம்பளமில்லாத பெரிய பெயரா, சம்பளம் தரும் சிற்றூரா?

டப்ளினிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 26. கோவையில் பி.காம். முடித்து, ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர். வீட்டை அடமானம் வைத்து எடுத்த கல்விக் கடனில் அயர்லாந்துக்கு வந்து, கலை மேலாண்மையில் எம்.ஏ. முடித்துவிட்டார். இப்போது வார இறுதிகளில் ஒரு காலரியில் ஓவியங்களுக்குக் காவலாக நிற்கிறார், மற்ற நாட்களில் சூப்பர் மார்க்கெட் கவுன்ட்டர். கையில் இருப்பது படிப்பு முடித்தவர்களுக்கான ஸ்டாம்ப் 1ஜி அனுமதி. "இன்னும் ஐந்து மாதம்தான் பாக்கி" என்று எழுதுகிறார்.

அவருக்கு இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, டப்ளினில் பெயர் பெற்ற காலரி ஒன்றில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். வாரம் 30 மணி நேரம். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது. கண்காட்சி மாட்டும் இரவுகளில் வேலை செய்தால் தனியாகப் பணம் தருவார்களாம், ஆனால் சுயதொழில் செய்பவராகப் பதிந்துகொண்டு இன்வாய்ஸ் கொடுக்க வேண்டும். இன்னொன்று, நாட்டின் மேற்கே ஒரு சிற்றூர்க் கலை மையத்தில் கண்காட்சி ஒருங்கிணைப்பாளர் பணி. ஓராண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 31,000 யூரோ.

"சிற்றூருக்குப் போனால் என்னை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பெரிய காலரியின் பெயர் பயோடேட்டாவில் இருந்தால் பின்னால் எல்லாக் கதவும் திறக்கும் என்று தோழிகள் சொல்கிறார்கள். சம்பளம் வேண்டாம் என்று நானே கையெழுத்துப் போட்டால் சட்டச் சிக்கல் வராதுதானே? இங்கே கலைத்துறைக்கு அடிப்படை வருமானமும் வரிவிலக்கும் உண்டு என்கிறார்கள், அதை வைத்துச் சமாளிக்க முடியுமா? அப்பா திரும்பி வரச் சொல்கிறார். நான் தோற்றுவிட்டேனா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் தோற்கவில்லை. எம்.ஏ. முடித்த சில மாதங்களுக்குள், உங்கள் துறையிலேயே, சம்பளத்தோடு ஒரு வேலை தேடி வந்திருக்கிறது. இந்த நாட்டின் காட்சிக்கலை உலகம் சிறியது. அதில் சம்பளம் தரும் இடங்கள் இன்னும் குறைவு. நேர்முகத் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு உங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் நன்றாக யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்தாலே பாதி முடிவு தானாக வந்துவிடும்.

உங்களிடம் ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது

முதுகலை முடித்தவர்களுக்கு ஸ்டாம்ப் 1ஜி முதலில் 12 மாதத்துக்குத் தரப்படும். அதை இன்னொரு 12 மாதம் புதுப்பிக்கலாம், ஆக மொத்தம் 24 மாதம். நீங்கள் முதல் அனுமதி அட்டையின் முடிவுத் தேதியை மட்டும் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். கணக்குப்படி உங்களுக்கு இன்னும் 17 மாதம் இருக்க வேண்டும்.

புதுப்பித்தல் தானாக நடந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் படிப்புக்கு ஏற்ற வேலையைத் தேட உண்மையிலேயே முயன்றீர்களா என்று குடிவரவுத் துறை கேட்கும். அனுப்பிய விண்ணப்பங்கள், நேர்முகத் தேர்வு அழைப்புகள், மறுப்புக் கடிதங்கள் எல்லாவற்றையும் இன்றே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். மறுப்புக் கடிதத்தை வருத்தத்தில் அழித்துவிடாதீர்கள், அதுவும் சான்றுதான்.

இந்த 17 மாதத்தில் ஆறு மாதத்தைச் சம்பளமில்லாத பயிற்சிக்குக் கொடுத்தால் மீதி 11. உங்கள் முடிவை எடைபோட வேண்டிய முதல் கணக்கு இதுதான்.

கையெழுத்துப் போட்டாலும் சட்டம் மாறாது

அயர்லாந்தின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2000ஆம் ஆண்டு வந்தது. அதில் இன்டர்ன் என்ற பெயருக்கு விலக்கே கிடையாது. முறைப்படி பதிவான தொழிற்பழகுநர்களுக்கும், நெருங்கிய உறவினரிடம் வேலை செய்பவர்களுக்கும் மட்டுமே விலக்கு. பயிற்சியில் இருப்பவர்களுக்கென்று இருந்த தனிக் குறைந்த விகிதமும் 2019இல் நீக்கப்பட்டது. சட்டத்துக்குக் கீழான ஊதியத்துக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தாலும் அந்த வாசகம் செல்லாது. அதனால் "நானே ஒத்துக்கொண்டேன்" என்பது காலரியைக் காப்பாற்றாது, உங்கள் உரிமையையும் பறிக்காது.

தன்னார்வப் பணி என்பது வேறு. கண்காட்சித் தொடக்க விழாவில் ஒரு மாலை வந்து வரவேற்பில் நிற்பது, செப்டம்பரில் கலைக்கூடங்கள் இரவிலும் திறந்திருக்கும் கல்ச்சர் நைட் அன்று பார்வையாளர்களை வழிநடத்துவது, இவை தன்னார்வம். வாரம் 30 மணி நேரம், குறித்த வேலை, மேலே ஒரு மேலாளர், நீங்கள் வராவிட்டால் அன்றைய வேலை நின்றுபோகும் என்றால் அது வேலை. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 14.15 யூரோ. 26 வாரம், வாரம் 30 மணி என்று பெருக்கிப் பாருங்கள். 11,037 யூரோ வருகிறது. உங்கள் கடனில் இது எத்தனை தவணை என்று உங்களுக்கே தெரியும். வீட்டை அடமானம் வைத்த ஒரு குடும்பம் டப்ளின் காலரிக்கு இவ்வளவு பெரிய நன்கொடை கொடுக்க வேண்டுமா?

இந்தப் பழக்கத்துக்கு இங்கே ஒரு வரலாறும் உண்டு. பொருளாதாரம் சரிந்திருந்த காலத்தில், 2011இல், ஜாப்பிரிட்ஜ் என்ற பயிற்சித் திட்டத்தை அரசே தொடங்கியது. வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு மேல் வாரம் 50 யூரோ கொடுத்து ஆட்களை நிறுவனங்களுக்கு அனுப்பியது. கலை அமைப்புகளும் அதைப் பயன்படுத்தின. கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2016இல் அதை மூடினார்கள். அதற்குப் பின் மனநிலை மாறத் தொடங்கியது. மானியம் வழங்கும் ஆர்ட்ஸ் கவுன்சில் 2020இல் கலைஞர்களுக்கு முறையான ஊதியம் தருவது பற்றி ஒரு கொள்கையே வெளியிட்டது. கலைஞருக்குச் சரியாகப் பணம் தர வேண்டும் என்று சொல்லும் ஒரு துறை, அந்தக் கலைஞரின் படைப்பைச் சுமந்து, மாட்டி, பட்டியலிட்டு, விளக்கக் குறிப்பு எழுதும் இளைஞரிடம் இலவச உழைப்பு வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பின்னால் ஏதாவது இடத்தில் இப்படி வேலை செய்து ஏமாந்தால், பணியிட உறவுகள் ஆணையத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. சம்பவம் நடந்த ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஓராண்டு வரை நீட்டிப்பார்கள்.

அந்த இன்வாய்ஸ் விஷயம்தான் ஆபத்தானது

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன இந்த விஷயம்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. ஸ்டாம்ப் 1ஜியில் இருப்பவர் வேலைக்குப் போகலாம், சுயதொழில் செய்யக் கூடாது. காட்சிக்கலை உலகமோ பெரும்பாலும் இன்வாய்ஸில்தான் ஓடுகிறது. படம் மாட்டுபவர், புகைப்படம் எடுப்பவர், அட்டவணை தொகுப்பவர், படைப்புகளைத் தேர்ந்து கண்காட்சியை வடிவமைக்கும் கியூரேட்டர் என்று பலரும் இப்படித்தான் சம்பாதிக்கிறார்கள். உங்கள் ஐரிஷ் தோழிகள் செய்கிறார்கள் என்று நீங்களும் செய்தால், அவர்களுக்கு அது வெறும் வரிக் கணக்கு, உங்களுக்கு அனுமதி நிபந்தனையை மீறியதாகிவிடும். புதுப்பிக்கும்போதோ, பிறகு ஒர்க் பெர்மிட்டுக்கோ அது குறுக்கே நிற்கும்.

காலரி சொல்லும் நேரத்துக்கு, காலரி சொல்லும் விதத்தில், காலரியின் கருவிகளை வைத்துச் செய்யும் வேலையைச் சுயதொழில் என்று அழைப்பதே சந்தேகத்துக்குரியது. 2023 அக்டோபரில் டாமினோஸ் பீட்சா டெலிவரி ஓட்டுநர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பதைவிட நடைமுறையில் உறவு எப்படி இருக்கிறது என்றே பார்த்தது. வரிக் கணக்கில் அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தது. அதனால் மாட்டும் வேலை பிடித்திருந்தால், "சம்பளப் பட்டியலில் சேர்த்து மணிக்கணக்கில் கொடுங்கள், வருகிறேன்" என்று கேளுங்கள். அது முற்றிலும் சரியான கோரிக்கை.

அடிப்படை வருமானமும் வரிவிலக்கும் உங்கள் கணக்கில் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் தொடங்கிய அடிப்படை வருமானச் சோதனைத் திட்டத்தில் 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ கிடைத்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அது படைப்பில் ஈடுபடுபவர்களுக்கானது. 1969இல் வந்த வரிவிலக்கும் அப்படித்தான்: ஓவியம், சிற்பம், நூல், நாடகம், இசை போன்ற சொந்தப் படைப்பிலிருந்து வரும் வருமானத்துக்கு, ஆண்டுக்கு 50,000 யூரோ வரை. கண்காட்சியை நடத்துபவருக்கு இரண்டுமே இல்லை.

சிற்றூரில் யாரும் மறந்துவிட மாட்டார்கள்

டப்ளின்தான் எல்லாம் என்று நீங்கள் நினைப்பதில் வியப்பில்லை. படிக்கும்போது கில்மைனத்தின் பழைய அரச மருத்துவமனையில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகம், மெரியன் சதுக்கத்து தேசியக் கலைக்கூடம், டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் ஹைட் காலரி, ஹ்யூ லேன் காலரி என்று சுற்றியிருப்பீர்கள். ஆனால் இந்த நாட்டின் காட்சிக்கலை வரைபடம் வேறு மாதிரி. நாட்டின் பெரிய சர்வதேசக் கண்காட்சியான ஈவா, 1977இல் லிமரிக்கில் தொடங்கி இன்றும் அங்கேதான் நடக்கிறது. 2016இல் அதன் கியூரேட்டராக இருந்தவர் கொயோ குவோ. பின்னாளில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெனிஸில் நடக்கும் உலகக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியனாலேயின் 2026 பொறுப்புக்கு அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், ஆனால் 2025 மே மாதம் காலமாகிவிட்டார். கார்க்கில் கிளக்ஸ்மன், கார்லோவில் விஷுவல், ஸ்லைகோவில் தி மாடல், கில்கெனியில் பட்லர், லீட்ரிமில் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் நடக்கும் தி டாக் என்று எத்தனையோ கலைக்கூடங்கள். இவை எதுவுமே டப்ளினில் இல்லை, ஆனால் துறையில் எல்லோரும் இவற்றின் நிகழ்ச்சி நிரலைக் கவனிக்கிறார்கள். வெனிஸில் அயர்லாந்து அரங்கை 2022இல் எடுத்துச் சென்றது டெம்பிள் பார் காலரி. 1983இல் கலைஞர்களே சேர்ந்து தொடங்கிய ஸ்டூடியோக் கட்டடம் அது. பெரிய வேலைகளைச் சிறிய குழுக்கள் செய்வதுதான் இந்த நாட்டின் வழக்கம்.

சிறிய மையத்தில் நீங்கள் என்ன கற்றுக்கொள்வீர்கள் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கண்காட்சிக்காக வேறு இடங்களிலிருந்து இரவல் வாங்கிய படங்கள் பெட்டியில் வந்து இறங்கும் ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை உடனே திறக்கக் கூடாது, அறையின் வெப்பத்துக்குப் பழக ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் கையுறை போட்டுக்கொண்டு, டார்ச் ஒளியைச் சாய்வாகப் பிடித்து, படச் சட்டத்தின் நான்கு மூலையையும் பார்ப்பீர்கள். இடது கீழ் மூலையில் ஒரு செ.மீ. கீறல் இருந்தால் அளந்து, படமெடுத்து, படத்தின் நிலையைப் பதியும் கண்டிஷன் ரிப்போர்ட்டில் எழுதி, வண்டிக்காரர் முன்னிலையில் கையெழுத்து வாங்குவீர்கள். அதை எழுதாமல் விட்டால், திரும்பிப் போகும்போது அந்தக் கீறல் உங்கள் மையத்தின் கணக்கில் ஏறும். அதே வாரம் காப்பீட்டுத் தொகையைச் சரிபார்ப்பீர்கள், பள்ளிப் பிள்ளைகள் வருவதற்கு ஏற்பாடு செய்வீர்கள், உள்ளூர் வானொலிக்கு நாலு வரி எழுதிக் கொடுப்பீர்கள், சுவர்ப் பலகை எழுத்துப்பிழையைத் திருத்துவீர்கள். பெரிய இடத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை இருக்கும். இன்டர்ன் கையில் கிடைப்பது அதிகபட்சம் மின்னஞ்சல் பட்டியலும் காபித் தட்டும்தான்.

அடுத்த நேர்முகத் தேர்வில் "ஒரு கண்காட்சியைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்தியிருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். ஓராண்டில் நாலைந்து கண்காட்சிகள் நடத்தியவரிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

உங்கள் பி.காம். படிப்பை ஒரு குறையைப் போல எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். இங்குள்ள கலை அமைப்புகள் பெரும்பாலும் அறக்கட்டளைத் தகுதி பெற்ற லாப நோக்கில்லாத கம்பெனிகள். ஆர்ட்ஸ் கவுன்சில் மானியமும் உள்ளாட்சி மானியமும்தான் அவற்றின் உயிர். மானிய விண்ணப்பத்தில் நல்ல கனவுகளை எழுத எத்தனையோ பேர் உண்டு. பட்ஜெட் அட்டவணையைச் சரியாகப் போட்டு, ஆண்டு முடிவில் செலவுக் கணக்கை ஒட்டவைத்து அறிக்கை தருபவர்கள்தான் கிடைப்பதில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் நீங்கள் கற்றது அங்கே நேரடியாக உதவும்.

அந்தப் படிப்பை இப்போதே பயன்படுத்துங்கள். அறக்கட்டளைகள் ஒழுங்காணையத்தின் தளத்தில் அந்த மையத்தின் பெயரைத் தேடினால் ஆண்டறிக்கையும் கணக்கும் இலவசமாகக் கிடைக்கும். வருமானத்தில் மானியம் எவ்வளவு, அது கடந்த மூன்று ஆண்டுகளில் ஏறியதா இறங்கியதா, ஊழியர் எத்தனை பேர், கையிருப்பு எத்தனை மாதச் செலவுக்குத் தாங்கும் என்று பாருங்கள். மானியம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு முடிவாவதால்தான் ஒப்பந்தங்களும் ஓராண்டாக இருக்கின்றன. அது உங்கள் திறமை பற்றிய சந்தேகம் இல்லை.

ஒர்க் பெர்மிட்: நல்ல செய்தியும் கசப்பான செய்தியும்

இந்தப் பகுதியை மென்மையாக்க நான் விரும்பவில்லை. ஸ்டாம்ப் 1ஜி முடிந்த பிறகு இங்கே தொடர ஒர்க் பெர்மிட் வேண்டும். ஆள் பற்றாக்குறையுள்ள வேலைகளுக்கான அரசின் முக்கியத் திறன் பட்டியலில் கலை மேலாண்மை இல்லை. மீதி இருப்பது பொது பெர்மிட். அதற்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2024 ஜனவரியில் 34,000 யூரோவாக உயர்த்தப்பட்டது. அதை மேலும் படிப்படியாக ஏற்றும் திட்டமும் இருக்கிறது, விண்ணப்பிக்கும் நாளில் என்ன தொகை என்று பெர்மிட் வழங்கும் அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுவனம் அந்த வேலையை 28 நாள் விளம்பரம் செய்து காட்ட வேண்டும். அதன் ஊழியர்களில் பாதிப் பேராவது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். சாதாரண அலுவலக நிர்வாகப் பணிகளில் பெரும்பாலானவை பெர்மிட் தரப்படாத வேலைகளின் பட்டியலில் உள்ளன. அதனால் உங்கள் பதவிப் பெயரும் பணி விவரமும் எந்த வகையில் சேரும் என்பது முக்கியம்.

31,000 யூரோ அந்த வரம்புக்குக் கீழே. அதாவது இந்த வேலை மட்டும் உங்களுக்கு பெர்மிட் வாங்கித் தராது. கலைத்துறையின் தொடக்க நிலைச் சம்பளங்கள் பலவும் இப்படித்தான். இந்த உண்மையை வகுப்பறையில் யாரும் உங்களுக்குச் சொல்லாதது வருத்தமாக இருக்கிறது. ஆனால் சம்பளமே இல்லாத இன்டர்ன்ஷிப் அந்த வரம்பிலிருந்து இன்னும் எவ்வளவு தூரம்!

அதனால் ஓராண்டு வேலையைப் பார்த்துக்கொண்டே அடுத்த படிக்கு விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகக் காலரிகள், தேசிய நிறுவனங்களின் நிதி திரட்டும் பிரிவுகள், ஏல நிறுவனங்கள், 31 உள்ளாட்சி அமைப்புகளின் கலைப் பிரிவுகள், கலை அமைப்புகளின் நிதி அதிகாரி பதவிகள். கடைசியில் சொன்னது உங்களுக்கு மிகப் பொருத்தம், சம்பளமும் சற்று மேல். காட்சிக்கலைஞர்களின் அமைப்பான விஷுவல் ஆர்ட்டிஸ்ட்ஸ் அயர்லாந்தின் அறிவிப்புகளையும், லாப நோக்கில்லாத அமைப்புகளின் வேலை விளம்பரங்கள் வரும் ஆக்டிவ்லிங்க் தளத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள். பெல்ஃபாஸ்ட் விளம்பரங்கள் கண்ணில் பட்டால் நினைவிருக்கட்டும், வட அயர்லாந்து பிரிட்டனின் கீழ் வருவது. உங்கள் ஸ்டாம்ப் அங்கே வேலை செய்ய உதவாது.

இன்னொரு சின்ன விஷயம், கார். சிற்றூர் வேலைகளுக்கு ஓட்டுநர் உரிமம் பெரும்பாலும் தேவைப்படும். இந்திய உரிமத்தை இங்கே நேரடியாக மாற்றிக்கொள்ள முடியாது. பழகுநர் உரிமத்துக்கு இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.

அப்பாவிடம் என்ன சொல்வது

அப்பா திரும்பி வரச் சொல்வது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கும் ஒரு மனிதருக்குத் தேதியும் தொகையும் தெரியாமல் இருப்பதுதான் பெரிய பயம். அவரிடம் கனவைப் பற்றிப் பேசாமல் கணக்கைக் காட்டுங்கள். மாதச் சம்பளம் இவ்வளவு, அறை வாடகை இவ்வளவு (மேற்கே டப்ளினைவிடக் குறைவாகவே இருக்கும்), கடனுக்கு இவ்வளவு அனுப்புவேன், அனுமதி இந்தத் தேதி வரை, அதற்கு நான்கு மாதம் முன்பு வரை பெர்மிட் தரக்கூடிய வேலை கிடைக்காவிட்டால் ஊர் திரும்பத் தயாராவேன். இப்படி எழுதிக் காட்டினால் அவர் எப்படியும் காதுகொடுத்துக் கேட்பார். ஊர் திரும்ப நேர்ந்தாலும், கண்காட்சி நடத்திய அனுபவத்தோடும் பாதி அடைத்த கடனோடும் திரும்புவதற்கும், ஆறு மாத இலவச உழைப்போடு திரும்புவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. சிற்றூர் மையத்துக்கு நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, மூன்று கேள்விகள் கேளுங்கள். மானியம் கிடைத்தால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா? ஆண்டு முழுக்க எத்தனை கண்காட்சிகள் என் நேரடிப் பொறுப்பில் வரும்? மானிய விண்ணப்பத்திலும் பட்ஜெட்டிலும் எனக்குப் பங்கு உண்டா? சம்பளத்தைச் சற்று உயர்த்த முடியுமா என்றும் தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் வேலையைத் திரும்பப் பெற மாட்டார்கள். வேலையில் சேர்ந்த ஐந்து நாட்களுக்குள் சம்பளம், நேரம் முதலிய அடிப்படை விவரங்களை எழுத்தில் பெறுவது உங்கள் உரிமை. தகுதிகாண் காலம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

டப்ளின் காலரிக்கும் மரியாதையாக எழுதுங்கள்: "உங்களோடு வேலை செய்ய ஆசை, சம்பளத்தோடு ஏதாவது இடம் வந்தால் தெரிவியுங்கள்." அடுத்த வருடம் உங்கள் மையத்துக்கு இரவல் படம் கேட்டு அவர்களுக்கு நீங்களே கடிதம் எழுத வேண்டி வரலாம். ஒப்பந்த நகல் கைக்கு வந்ததும், கையெழுத்திடும் முன் எனக்கு அனுப்புங்கள், ஒருமுறை படித்துச் சொல்கிறேன்.